கொலுவில் ஓடுமா சென்னை டிராம்?
அடிக்கு முக்கால் அங்குலம் என்ற கணக்கில் ஓர் அபூர்வப் பொழுதுபோக்கு

நவராத்திரி பிறந்தால் மைசூரில் பொம்மைகளுக்கும் பண்டிகைதான். கன்னடத்துக்காரர்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'கொம்பெ ஹப்பா'. நம்மவர்கள் வீட்டில் கொலு. ராஜா ராணி மரப்பாச்சி மேல்படியில் நிற்கும். தசாவதாரம் நடுப்படியில் வரிசை கட்டும். செட்டியாரும் அவர் மனைவியும் கீழ்ப்படியில் மளிகைக் கடை பரப்பி உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் பிள்ளைகளின் கண் படியில் இருக்காது. படிக்குக் கீழே தரையில் இருக்கும்.

அங்கேதான் மணல் கொட்டி, கேழ்வரகு முளைவிட்டு, பூங்கா போட்டிருப்பார்கள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தெப்பக்குளம் செய்திருப்பார்கள். அதைச் சுற்றி ஒரு சாவி ரெயில் ஓடும். சென்னபட்டணத்து மர ரெயிலாவது நிற்கும்.

இந்தத் தரைக் கொலுவைத்தான், சற்றுப் பெரிதாகவும் அளவு பிசகாமலும் செய்து, வாழ்நாள் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. அவர்கள் செய்வது ரெயில் அல்ல, டிராம்!

நின்று போன தங்கள் ஊர் டிராம் வண்டியைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி, மேலே கம்பி கட்டி, அந்தக் கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓட விடுகிறார்கள். பொருட்காட்சிகளில் நாள் முழுக்க ஓட்டிக் காட்டுகிறார்கள்.

ராஜா வீட்டு ரெயில்

சிறிய ரெயில் என்றதும் நம் நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது குவாலியர் மகாராஜாவின் வெள்ளி ரெயில்தான். விருந்து மேஜை மீது தண்டவாளம். அதில் வெள்ளியால் செய்த ரெயில் மதுக் குப்பிகளையும் சுருட்டுகளையும் சுமந்துகொண்டு விருந்தினர் முன்னால் வரும். குப்பியைத் தூக்கினால் ரெயில் நின்றுவிடும். திரும்ப வைத்தால் புறப்படும். குவாலியர் ஜெய்விலாஸ் அரண்மனையில் அதை இன்றும் பார்க்கலாம்.

அது ராஜா வீட்டு விளையாட்டு. டிராம் மாதிரி செய்யும் பொழுதுபோக்கு அப்படிப்பட்டது அல்ல. டிராமே ஏழை, நடுத்தர மக்களின் வாகனம். ஆலைக்குப் போகிறவரும், ஆபீசுக்குப் போகும் குமாஸ்தாவும், சந்தைக்குப் போகும் பெண்களும் ஏறிய வண்டி. அதன் மாதிரியைச் செய்ய வெள்ளி வேண்டியதில்லை. பலகையும் பித்தளைத் தகடும் பொறுமையும் போதும்.

10 பவுனுக்கு ஒரு டிராம்

இந்தப் பொழுதுபோக்குக்குத் தாய்வீடு இங்கிலாந்து. டிராம் பிரியர்கள் சேர்ந்து 1938-ம் ஆண்டிலேயே அங்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். 'டிராம்வே மற்றும் லைட் ரெயில்வே சொசைட்டி' என்று பெயர். உண்மையான டிராமைப் படம் எடுப்பது, அளவு எடுப்பது, மாதிரி செய்வது ஆகியவை அவர்கள் வேலை.

அப்போது ஊர் ஊராக டிராம் நின்றுகொண்டிருந்தது. பஸ் வந்துவிட்டது. லண்டனில் கடைசி டிராம் 1952-ம் ஆண்டு ஜூலையில் ஓடியது. ஷெபீல்டில் 1960-ல் நின்றது. கிளாஸ்கோவில் 1962-ல் நின்றது. வண்டிகள் பழைய இரும்புக்குப் போயின.

1948-ம் ஆண்டு சவுதாம்டன் நகரில் டிராமுக்கு விடை கொடுக்கப் போன சில அன்பர்கள், உடைக்கப்பட இருந்த ஒரு வண்டியைப் 10 பவுன் கொடுத்து வாங்கிவிட்டார்கள். வாங்கி எங்கே வைப்பது என்று அவர்களுக்கே தெரியாது. அந்த ஒரு வண்டியிலிருந்து பிறந்ததுதான் டெர்பிஷயரில் கிரிச் என்ற ஊரில் உள்ள தேசிய டிராம் அருங்காட்சியகம். ஒரு கல் குவாரியில் இடம் பிடித்து, தாங்களே தண்டவாளம் போட்டு, 1964-ம் ஆண்டு மின்சார டிராமை ஓட்டியே விட்டார்கள்.

முழு வண்டியை வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? அவர்கள் சின்ன வண்டி செய்தார்கள்.

முக்கால் அங்குலக் கணக்கு

பெரிய அளவு மாதிரி டிராமுக்கு அங்கு வழக்கத்தில் உள்ள கணக்கு, ஒரு அடிக்கு முக்கால் அங்குலம். அதாவது பதினாறில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 28 அடி நீள டிராம் 21 அங்குலமாகிவிடும். 40 அடித் தெரு இரண்டரை அடியாகிவிடும். 20 அடி உயரத்தில் போகும் மின்கம்பி 15 அங்குல உயரத்தில் போகும். 4 அடி 8½ அங்குல இடைவெளி உள்ள தண்டவாளம் மூன்றரை அங்குலமாகிறது. நமக்குப் பழக்கமான மீட்டர் கேஜ் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

ஐந்தடி நாலு அங்குல உயரமுள்ள மனிதர் என்ன ஆவார்? சரியாக நாலு அங்குலம்!

நாலு அங்குலப் பொம்மை நம் வீட்டுக் கொலுப் பெட்டியில் எத்தனையோ இருக்கிறது. போலீஸ்காரர், தபால்காரர், கீரைக்காரி, குறத்தி, செட்டியார் என்று எல்லோரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறத் தயாராகக் காத்திருக்கிறார்கள். வண்டிதான் இல்லை!

ரெயிலை விடச் சுலபம்

மாதிரி ரெயில் ஓட்டியவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும். அங்கே ஒரு தண்டவாளத்தில் மின்சாரம் போய் இன்னொரு தண்டவாளத்தில் திரும்புகிறது. ஆகவே ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரமும் மின்சாரத்தால் ஒன்றையொன்று தொடக்கூடாது. பாதை வளைந்து தன் மீதே திரும்பி வந்து சேர்ந்தால், கூடும் தண்டவாளமும் குறைந்த தண்டவாளமும் முட்டிக்கொண்டு 'ஷார்ட்' ஆகிவிடும்.

டிராமில் இந்த வம்பே இல்லை. மின்சாரம் மேல்கம்பியில் வருகிறது. வண்டிக் கூரை மீதுள்ள கம்பம் அதைத் தொட்டு எடுக்கிறது. மோட்டாரைச் சுற்றிவிட்டு, சக்கரம் வழியாக இரண்டு தண்டவாளத்திலும் இறங்கித் திரும்புகிறது. இரண்டு தண்டவாளமும் ஒன்றேதான். பாதையை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம்.

உண்மை டிராமில் ஓடியது சுமார் 550 வோல்ட் நேர் மின்சாரம். மாதிரிக்கு 12 வோல்ட் போதும். டிரான்ஸ்பார்மர் வைத்து மின்சாரத்தைக் குறைத்து, டயோடு வழியாக நேர் மின்சாரமாக்கிக் கொடுத்தால், குழந்தை கை பட்டாலும் ஷாக் அடிக்காது. ஆனால் 230 வோல்ட் வரும் பக்கம் மூடிய பெட்டிக்குள்தான் இருக்கவேண்டும். அதில் விளையாட்டு கூடாது.

கம்பிதான் பரீட்சை

வண்டி செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி மேல்கம்பி.

தண்டவாளம் வளையும். இழுத்துக் கட்டிய கம்பி வளையாது. ஆகவே வளைவு வரும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு கம்பம் நட்டு, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் இழுத்துக் கட்டவேண்டும். சின்னச் சின்ன நேர்க்கோடுகள் சேர்ந்து ஒரு வளைவாகத் தோன்றவேண்டும். ஓரிடத்தில் கோணம் அதிகமானால் கம்பம் கம்பியை விட்டு எகிறிவிடும். வண்டி நின்றுவிடும்.

உண்மை டிராமிலும் இது நடந்ததுதான். கம்பி விட்டுப் போனால் கண்டக்டர் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்து, கம்பத்தை மறுபடி கம்பியில் பொருத்துவார். இரவில் விளக்கு அணைந்துவிடும். ஆக, மாதிரி டிராம் கம்பி விட்டு நின்றால், அதுவும் உண்மையைப் போலத்தான் நடக்கிறது என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம்!

பாதை முடியும் இடத்தில் இன்னொரு வேலை உண்டு. வண்டி திரும்பாது. கம்பத்தைத்தான் திருப்பிப் போடவேண்டும். டிரைவர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவார். மாதிரியில் டிரைவர் பொம்மை நகராது. ஆகவே வண்டிக்கு அடியில் ஒரு சிறு ஸ்விட்ச் வைத்து மோட்டாரை எதிர்த் திசையில் சுற்ற வைக்கிறார்கள். வேண்டாம் என்றால் இரண்டு முனையிலும் பாதையை வட்டமாக வளைத்துவிட்டால் தீர்ந்தது.

பொருட்காட்சியில் ஓட்டுவது

வீட்டில் ஓடுவது வேறு. பொருட்காட்சியில் ஓடுவது வேறு. அங்கே வண்டி காலை முதல் மாலை வரை ஓடவேண்டும். நின்றால் கூட்டம் கலைந்துவிடும்.

அதனால் பாதையை நாலு அடி, ஐந்து அடிப் பலகைகளாகச் செய்துகொள்கிறார்கள். ஒவ்வொரு பலகையையும் போல்ட் போட்டு அடுத்ததோடு சேர்க்கலாம். பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். பலகை சேரும் இடத்தில் தண்டவாளம் மயிரிழை விலகினாலும் வண்டி தடம் புரளும். ரெயில்வேக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை!

தூசி படிந்தால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே மின்சாரம் தடைப்படும். மணிக்கு ஒரு முறை துடைக்கவேண்டும். ஒரு வண்டி சூடானால் ஷெட்டில் நிறுத்தி இன்னொன்றை எடுக்கவேண்டும். டைம்டேபிள் போட்டு, மணி அடித்து, நிறுத்தத்தில் நின்று, எதிர் வண்டிக்கு வழி விட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு.

வேடிக்கை வேலையாயிற்று

இந்தப் பைத்தியம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கிளாட் லேன் என்ற ஆங்கிலேயர் உதாரணம். லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் பேட்டரி வண்டிகள் செய்யும் கம்பெனி வைத்திருந்தவர் அவர்.

1940-களின் கடைசியில், 15 அங்குல அகலப் பாதையில் ஓடும் ஒரு குட்டி டிராமை அவர் செய்தார். அதில் ஆட்கள் ஏறி உட்காரலாம். திருவிழாக்களுக்குக் கொண்டுபோய் ஓட்டினார். கூட்டம் மொய்த்தது. 1954-ல் ஈஸ்ட்போர்ன் கடற்கரையில் நிரந்தரமாகப் பாதை போட்டார். 1969-ல் அந்த இடத்தைக் காலி செய்ய நேர்ந்தது.

அவர் சோரவில்லை. 1966-ல் ரெயில்வே இலாகா மூடிவிட்ட ஒரு கிளைப் பாதை தெற்குக் கரையில் சீட்டன் என்ற ஊரில் சும்மா கிடந்தது. அதை வாங்கினார். வண்டி, தண்டவாளம், தளவாடம் அத்தனையையும் பெயர்த்து அங்கே கொண்டு போனார். 1970 ஆகஸ்டில் டிராம் ஓடத் தொடங்கியது. மேல்கம்பி அப்போது தயாராகவில்லை. பேட்டரிகளை இழுத்துக்கொண்டு ஓடியது.

அடுத்த ஏப்ரலில் கிளாட் லேன் காலமானார். மேல்கம்பியில் வண்டி ஓடியதை அவர் அங்கே பார்க்கவில்லை. அவரிடம் வேலை பார்த்தவர்களும் அன்பர்களும் விடவில்லை. 1980-ல் பாதை மூன்று மைல் தள்ளியுள்ள காலிட்டன் வரை போய்ச் சேர்ந்தது. இன்றும் ஓடுகிறது. ரெயில்வே வேண்டாம் என்று கைவிட்ட பாதை, ஒருவரின் பொழுதுபோக்கால் பிழைத்துக்கொண்டது!

நம் டிராம் எங்கே?

இதையெல்லாம் படிக்கும்போது நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. நம் டிராம் என்ன ஆயிற்று?

இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் ஓடியது பம்பாயில் அல்ல; கல்கத்தாவிலும் அல்ல. சென்னையில்தான்! 1895-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி. லண்டன் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதே 1901-ல்தான். கல்கத்தாவில் 1902. பம்பாயில் 1907.

முதலில் சென்னையில் மேல்கம்பி இல்லை. தெருவுக்கு அடியில் ஒரு கால்வாய் போல் வெட்டி, அதற்குள் மின்சாரம் விட்டிருந்தார்கள். ஐப்பசி மழை வந்ததும் தண்ணீர் உள்ளே புகுந்து தொல்லை கொடுத்தது. பிறகுதான் மேல்கம்பிக்கு மாறினார்கள்.

பாரிமுனை, மவுண்ட் ரோடு, மயிலாப்பூர், ராயபுரம், புரசைவாக்கம் என்று டிராம் ஓடியது. 1921-ல் உச்ச நிலையில் 97 வண்டிகளும் 24 கிலோ மீட்டர் பாதையும் இருந்தன. பிறகு பஸ்களோடு போட்டி போட முடியாமல் கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது. 1953-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ந் தேதியோடு சென்னை டிராம் நின்றது. டிரைவர்களும் கண்டக்டர்களும் ஷெட் தொழிலாளிகளும் வீதியில் நின்றார்கள். வேப்பேரியில் இன்று பெரியார் திடல் இருக்கும் இடம் ஒரு காலத்தில் டிராம் ஷெட்.

லண்டன் டிராமுக்கும் சென்னை டிராமுக்கும் இறுதி நாள் ஒன்பது மாத இடைவெளியில்தான் வந்தது. ஆனால் அங்கே மக்கள் வண்டியை வாங்கி வைத்தார்கள். வாங்க முடியாதவர்கள் அளவெடுத்து மாதிரி செய்தார்கள். இங்கே பாட்டி சொன்ன கதையாக நின்றுவிட்டது.

அந்தக் கதையும் நீடிக்காது. 1953-ல் பத்து வயதுச் சிறுவனாக டிராமில் போனவர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார். மணி எப்படி அடிக்கும், இருக்கை எந்தப் பக்கம், படி எவ்வளவு உயரம் என்று சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கல்கத்தாவின் பாடம்

கல்கத்தாவில் 1873-ல் குதிரை டிராமாகத் தொடங்கிய வண்டி, தலைமுறை தலைமுறையாக ஓடியது. 1938-ல் செய்த ஒரு டிராம் வண்டியையே 2014-ல் எஸ்பிளனேடில் சிறு அருங்காட்சியகமாக்கினார்கள்.

மெல்பர்ன் நகரத்து டிராம் கண்டக்டர் ராபர்ட்டோ டி ஆண்ட்ரியா என்பவர், கல்கத்தா டிராம் தொழிலாளரோடு சிநேகமாகி, 1996-ல் 'டிராம் யாத்திரை' என்ற விழாவையே தொடங்கி வைத்தார். வண்டிகளுக்கு வர்ணம் அடித்து, பாட்டுப் பாடி ஊர்வலம் விட்டார்கள். இத்தனைக்கும் பிறகு 2024 செப்டம்பரில், மைதான் - எஸ்பிளனேடு பாதை ஒன்றைத் தவிர மற்றதை நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. டிராம் பிரியர்கள் தெருவிலும் கோர்ட்டிலும் போராடினார்கள்.

நினைவில் வைத்துக்கொள்ள ஆட்கள் இருந்ததால்தான் அங்கே போராட்டமாவது நடந்தது. சென்னை டிராமுக்கு அதுகூட இல்லை.

மைசூரில் முடியாதா?

மைசூர் நகரில் டிராம் ஓடியதில்லை. ஆனால் டிராம் மாதிரி செய்வதற்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது அரிது.

கே.ஆர்.எஸ். ரோட்டில், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே 1979-ல் ஏற்பட்ட ரெயில் அருங்காட்சியகம் இருக்கிறது. மைசூர் மகாராணியின் சலூன் வண்டி அங்கே நிற்கிறது. மர வேலைப்பாட்டையும் பித்தளைப் பிடியையும் கிட்டே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அசோகபுரத்தில் ரெயில்வே பணிமனை இருக்கிறது. கடைசல், பற்றவைப்பு, பெயிண்ட் வேலை தெரிந்த கைகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. அவற்றில் தமிழ்க் கைகளும் உண்டு.

பெங்களூர் போகும் வழியில் சென்னபட்டணம் இருக்கிறது. வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுற்றும்போதே அரக்கு வர்ணம் ஏற்றும் தொழில் அங்கே பரம்பரையாக நடக்கிறது. சக்கரமும் தூணும் விளக்குக் கம்பமும் கடைந்து வாங்க வேறெங்கும் போகவேண்டாம்.

காட்டுவதற்கு இடமும் இருக்கிறது. மைசூர் தசரா பொருட்காட்சி 1880-ல் சாமராஜ உடையார் காலத்தில் தொடங்கியது. அவ்வளவு பெரிய இடத்துக்கு உடனே போகவேண்டியதில்லை. முதல் வருஷம் வீட்டுக் கொலு போதும். மறு வருஷம் தமிழ்ச் சங்க விழாவிலோ பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவிலோ ஒரு மேஜை கேட்கலாம்.

எப்படி ஆரம்பிப்பது?

முதலில் மோட்டார் வாங்கப் போகக்கூடாது. முதலில் படம். பழைய டிராமின் பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்று வேண்டும். அதில் அளவு தெரிந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளவேண்டும். படியில் நிற்கும் ஆளின் உயரம் போதும். அதை வைத்து ஜன்னல், தூண், கூரை, சக்கரம் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு, கட்டம் போட்ட தாளில் வரையவேண்டும்.

பிறகு அட்டையில் ஒரு வண்டி. அட்டையில் சரியாக வராதது பலகையிலும் வராது. அதன் பிறகுதான் பிளைவுட், பித்தளைத் தகடு, சால்டரிங். சக்கரம் நாலும் லேத் பட்டறையில் ஒரே அளவாகக் கடையவேண்டும். உள்பக்க விளிம்பு இல்லாவிட்டால் தண்டவாளத்தில் நிற்காது. பல்சக்கரம் சேர்ந்த 12 வோல்ட் சின்ன மோட்டார் எலெக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும். முதல் பாதை ஆறடி நேர்ப்பாதையாக இருந்தால் போதும். அதில் கம்பி விடாமல் போய் வரட்டும். வளைவுக்கு அவசரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்தால் ஒரு வண்டிக்கு வருஷம் கூட ஆகலாம். அதனால் என்ன? அந்த நேரத்தில் வீட்டுப் பிள்ளைக்கு ரம்பம் பிடிக்கவும், வோல்ட் என்றால் என்ன, விகிதம் என்றால் என்ன என்றும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் புரியாத பின்னக் கணக்கு, 28 அடி 21 அங்குலம் ஆகும்போது புரிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. அதற்கு ரம்பமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். வட சென்னையிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களில் டிராமில் வேலை பார்த்த தாத்தா யாராவது இருந்திருக்கலாம். பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு புகைப்படம், ஒரு சட்டைப் பித்தான், ஒரு டிக்கெட் கிடக்கலாம். அதைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு முறை பார்க்கவேண்டும். டிராமில் போன பாட்டி வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கவேண்டும்.

வருகிற நவராத்திரியில் மைசூரில் ஏதாவது ஒரு வீட்டுக் கொலுவின் கீழே, 21 அங்குல நீளத்தில் ஒரு வண்டி மணி அடித்துக்கொண்டு நகரட்டும். நெற்றியில் 'மவுண்ட் ரோடு' என்று தமிழில் பலகை தொங்கட்டும். வெற்றிலை பாக்கு வாங்க வரும் பாட்டிகளில் ஒருவராவது நின்று, "இதிலேதான் நான் பள்ளிக்கூடம் போனேன்" என்று சொல்லாமல் போகமாட்டார்.